மோட்டார்ஹோமின் பின்னால் பிக்கப்: டோ பார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி இதுதான். பெட்ரோலில் ஓடும் 36 அடி மோட்டார்ஹோம் ஒன்று வைத்திருக்கிறீர்கள். அதன் தகட்டில் வண்டியின் உச்ச எடை 22,000 பவுண்டு, பின்னால் இழுப்பதையும் சேர்த்த கூட்டு எடை 26,000 பவுண்டு, பின்னால் உள்ள இணைப்பான ஹிட்ச் இழுக்கும் எடை 5,000 பவுண்டு என்று போட்டிருக்கிறது. கையில் இருக்கும் பிக்கப் ஃபோர்டு எஃப்-150. ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம். அதை டிரெய்லரில் ஏற்றாமல், நான்கு சக்கரமும் தரையில் உருள அப்படியே இழுத்துச் செல்லலாமா, "நியூட்ரலில் போட்டுக் கட்டினால் போதும்" என்று மெக்கானிக் சொன்னது சரியா, என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

எஃப்-150 இதற்குப் பெரும்பாலும் ஒத்துவரும். ஒத்துவருமா என்று சந்தேகப்பட வேண்டியது உங்கள் மோட்டார்ஹோமை. மெக்கானிக் சொன்னதை அப்படியே செய்தால் முதல் நூறு மைலுக்குள் டிரான்ஸ்மிஷனுக்குப் பெருஞ்செலவு வரலாம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் என்ஜினோடு சேர்ந்து சுழல்வது. என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். ஆனால் வண்டியை இழுக்கும்போது பின் சக்கரங்கள் உருள்கின்றன. அவை டிரைவ் ஷாஃப்டைச் சுழற்றுகின்றன. அது டிரான்ஸ்மிஷனின் பின்பகுதியைச் சுழற்றுகிறது. கியர் நெம்புகோலை நியூட்ரலுக்குத் தள்ளினால் என்ஜின் பக்கத்துத் தொடர்புதான் அறுபடும். சக்கரத்தின் பக்கத்துத் தொடர்பு அப்படியே இருக்கும். ஆக, நெடுஞ்சாலை வேகத்தில் உள்ளே உலோகம் சுழன்றுகொண்டே இருக்கிறது, எண்ணெய் மட்டும் போய்ச் சேர்வதில்லை. கருகிய வாடை வெளியே தெரியும்போது வேலை முடிந்திருக்கும்.

நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப்பில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. டிரான்ஸ்மிஷனுக்குப் பின்னால், சக்தியை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி உண்டு. சில வண்டிகளில் அந்தப் பெட்டிக்கே தனியாக ஒரு நியூட்ரல் நிலை இருக்கிறது. அதில் வைத்துவிட்டால் சக்கரங்களும் ஷாஃப்டுகளும் தம்பாட்டுக்குச் சுழலும். டிரான்ஸ்மிஷன் அசையாமல் கிடக்கும். நமக்கு வேண்டிய நியூட்ரல் இதுதான்.

இந்த வசதி எல்லா நான்கு சக்கர பிக்கப்பிலும் இருப்பதில்லை என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஃப்-150 நான்கு சக்கர இயக்க வண்டிகளில் நியூட்ரல் டோ என்ற பெயரிலேயே இந்த வசதி வருகிறது. அதே எஃப்-150 பின்சக்கர இயக்கமாக இருந்தால் அந்தப் பெட்டியே கிடையாது, அதனால் வழியும் கிடையாது. செவ்ரலே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா இரண்டிலும் இரண்டு வேக டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளவற்றை இழுக்கலாம், நியூட்ரல் அதில்தான் இருக்கிறது. ஒற்றை வேகப் பெட்டி உள்ளவற்றைக் கூடாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே வண்டிபோலத்தான் இருக்கும், உள்ளே டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றும் திருகு குமிழைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ராம் 1500 வண்டியில் நியூட்ரல் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஜீப் கிளாடியேட்டர் இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கைநெம்புகோலோடு வருகிறது. டொயோட்டாவின் ஆட்டோமேட்டிக் பிக்கப்களுக்கு நிறுவனம் அனுமதி தருவதில்லை. மின்சாரப் பிக்கப்களை நான்கு சக்கரத்தில் இழுக்கும் எண்ணமே வேண்டாம். சக்கரம் உருண்டால் மோட்டாரும் உருளும். பின்சக்கர இயக்க வண்டி மட்டுமே இருப்பவர்கள் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி மாட்டும் இணைப்பு ஒன்றைப் பொருத்திச் சமாளிப்பதுண்டு. எனக்கு அந்த ஏற்பாட்டில் ஆர்வம் இல்லை. அந்தப் பணத்துக்கு வேறு வண்டி யோசிக்கலாம்.

உங்கள் வண்டியின் ஓனர்ஸ் மேனுவலை எடுத்து, பொழுதுபோக்கு வாகனத்தின் பின்னால் இழுப்பது பற்றிய பகுதியைத் தேடுங்கள். அந்த ஆண்டு, அந்த டிரிம், அந்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் தீர்ப்பு. விற்பனையாளர் சொன்னார், பக்கத்து வண்டிக்காரர் இருபது வருடமாகச் செய்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது. வேக வரம்பு, பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டுமா, இடையில் என்ஜினை ஓடவிட வேண்டுமா என்பவையும் அதே பக்கத்தில் இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும்.

இப்போது எடை. இரண்டு வண்டிகளையும் இணைக்கும், இரு கைகள் கொண்ட இரும்புச் சட்டமான டோ பாரை வாங்கக் கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.

ஹிட்சில் 5,000 என்று இருப்பதைப் பார்த்து, 5,000 பவுண்டு வரை இழுக்கலாம் என்று நினைப்பது இயல்பு. அது அந்த இரும்பு தாங்கும் அளவு மட்டுமே. உங்கள் சேஸிஸ் எவ்வளவு இழுத்து, எவ்வளவு ஏறி, எவ்வளவு நிறுத்த முடியும் என்பதைச் சொல்வது கூட்டு எடை. 26,000 என்ற அந்த எண்ணிலிருந்து மோட்டார்ஹோமின் உண்மையான எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பங்கு. மோட்டார்ஹோம் தன் உச்சமான 22,000 பவுண்டில் நின்றால் மிச்சம் 4,000. நான்கு கதவு எஃப்-150, நான்கு சக்கர இயக்கம், வெறும் வண்டியாகவே ஏறத்தாழ 4,700 முதல் 5,000 பவுண்டு இருக்கும். அதற்கு மேல் டோ பாரை மாட்ட முன்னால் பொருத்தும் பேஸ் பிளேட், பின்னால் சாமான் ஏற்றும் பெட்டுக்கு மூடி, கருவிப்பெட்டி, மடக்கு நாற்காலிகள், சைக்கிள்கள். பிக்கப் என்றாலே பின்னால் எதையாவது போடத்தான் கை துடிக்கும். இழுக்கும்போது அதெல்லாம் மோட்டார்ஹோமின் கணக்கில் ஏறுகிறது.

ஊகத்தில் போகாமல் எடைபோடுங்கள். பெரிய டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற பலகையோடு எடைமேடை இருக்கும். பயணத்துக்குப் புறப்படும் கோலத்திலேயே போங்கள்: டேங்க் நிறையப் பெட்ரோல், தண்ணீர், உடைகள், சமையல் பொருள்கள், ஆட்கள், நாய் உட்பட. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, 80 கேலன் நன்னீர்த் தொட்டி நிறைந்திருந்தால் அதுவே 660 பவுண்டுக்கு மேல். மேடையில் முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியாக அச்சாகி வரும், அதையும் தகட்டோடு ஒப்பிடுங்கள். பிக்கப்பையும் தனியே ஏற்றுங்கள். சீட்டில் மோட்டார்ஹோம் 20,600 என்று வந்தால் 5,400 மிச்சம் இருக்கிறது, ஆனால் அப்போது ஹிட்சின் 5,000 குறுக்கே நிற்கும். 21,400 என்று வந்தால் மிச்சம் 4,600, எஃப்-150 தாண்டிவிடும். இரண்டில் எது சிறியதோ அதுதான் வரம்பு. கனமான ஹிட்சை வெல்டு செய்து போட்டுத்தருகிறேன் என்று சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்: ஹிட்ச் மாறினாலும் தகட்டில் உள்ள 26,000 மாறாது.

கணக்கு உதைத்தால் என்ன செய்வது? தண்ணீரை வழியில் நிரப்பிக்கொள்ளலாம், பிக்கப்பின் பெட்டைக் காலி செய்யலாம். நூறு இருநூறு பவுண்டு இடித்தால் இது போதும். அதற்கு மேல் இடித்தால் இழுக்கப்படும் வண்டியைத்தான் மாற்ற வேண்டும். ஃபோர்டு மேவரிக் ஹைபிரிட் ஏறத்தாழ 3,700 பவுண்டு, நான்கு சக்கரத்தில் இழுக்க நிறுவனமே அனுமதித்திருக்கிறது. அதே மேவரிக்கின் எக்கோபூஸ்ட் (டர்போ பெட்ரோல் என்ஜின்) மாதிரிக்கு அந்த அனுமதி இல்லை. பெட்டும் வேண்டும், கூட்டு எடையும் தாண்டக்கூடாது என்றால் உங்கள் மோட்டார்ஹோமுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். டிரெய்லரில் ஏற்றிச் செல்வது உங்களுக்கு உதவாது, டிரெய்லரின் எடையும் சேர்ந்து நிலைமை இன்னும் மோசமாகும். முன் சக்கரத்தை மட்டும் தூக்கும் டாலியும் அப்படியே. பின் சக்கரம் எப்படியும் தரையில்தான் உருளும்.

நீளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மோட்டார்ஹோமும் இழுக்கப்படும் வண்டியும் சேர்ந்து 65 அடி வரை போகலாம், சிலவற்றில் 60 அடிதான். 36 அடியோடு டோ பாருக்கு நான்கு ஐந்து அடி, ஐந்தரை அடி பெட் உள்ள நான்கு கதவு எஃப்-150க்கு 19 அடிக்குச் சற்று அதிகம் என்று கூட்டினால் 60ஐ உரசிக்கொண்டு நிற்கிறது.

எடை பொருந்திவிட்டது என்று வைத்துக்கொண்டு சாமான்களுக்கு வருகிறேன். பிக்கப்பின் முன்பக்கம், பம்பருக்குப் பின்னால் சட்டத்தோடு போல்ட் செய்யப்படுவது பேஸ் பிளேட். முன்னால் தெரியும் இழுவைக் கொக்கிகள் சேற்றில் சிக்கினால் இழுப்பதற்கானவை, அவற்றில் டோ பாரை மாட்டும் யோசனை வேண்டாம். பேஸ் பிளேட் பொருத்தும்போது கீழ்ப்புறப் பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டி வரலாம். புதிய வண்டிகளில் கிரில்லுக்குப் பின்னால் ரேடார் உணரியும் தானே மூடித்திறக்கும் காற்றுத் தடுப்பும் இருக்கும், அவற்றைத் தொடாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். டோ பாரில் புளூ ஆக்ஸ், ரோட்மாஸ்டர், டெம்கோ மூன்றும் நெடுநாள் பெயர்கள். 6,500 பவுண்டு, 8,000 பவுண்டு, 10,000 பவுண்டு என்று வகைகள் இருக்கின்றன. பிக்கப்புக்கு 8,000க்குக் குறைவாக நான் பரிந்துரைக்க மாட்டேன், எடை அதற்குள் அடங்கினாலும்கூட. திரும்பி நின்ற நிலையிலும் தாழ்ப்பாள் சிக்காமல் கழலும் வகையைக் கேட்டு வாங்குங்கள், சரிவான இடத்தில் அதன் அருமை தெரியும்.

டோ பார் ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும். மோட்டார்ஹோமின் ஹிட்சுக்கும் பிக்கப்பின் பேஸ் பிளேட்டுக்கும் உயர வித்தியாசம் மூன்று அங்குலத்துக்கு மேல் போனால் அதைச் சரிசெய்யும் இணைப்பு போடுங்கள். நான்கு சக்கர பிக்கப்கள் தரையிலிருந்து உயரமானவை. அதையும் இன்னும் உயர்த்திக் கட்டியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். சாய்வாக இருந்தால் கடுமையாக பிரேக் பிடிக்கும்போது பின்னால் வரும் வண்டி மோட்டார்ஹோமின் கீழே நுழையவோ மேலே ஏறவோ பார்க்கும். பாதுகாப்புக் கேபிள்களை டோ பாருக்கு அடியில் குறுக்காக மாட்டுவது கட்டாயம்.

பிரேக் விஷயத்தில் சமரசம் செய்யாதீர்கள். மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த உச்ச எடையை நிறுத்தக் கணக்கிடப்பட்டது, பின்னால் வரும் 5,000 பவுண்டுக்கு அல்ல. இழுக்கப்படுவது 1,500 பவுண்டைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும் என்று ஃபோர்டின் வழிகாட்டியே சொல்கிறது. பல மாநிலச் சட்டங்கள் 3,000 பவுண்டில் கோடு போடுகின்றன. சட்டம் எங்கே கோடு போட்டாலும், இறக்கத்தில் பிக்கப் பின்னாலிருந்து தள்ளும் தள்ளு ஒன்றுதான்.

பிரேக் கருவிகள் இரண்டு வகை. ஒன்று, ஓட்டுநர் இருக்கைக்கு முன் தரையில் வைத்து, தன் இயந்திரக் கையால் பிரேக் மிதியைக் கவ்வும் பெட்டி. பிரேக் பட்டி இந்த வகை. வண்டி மாற்றினாலும் எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்து, கழற்றி, எங்காவது அடுக்க வேண்டும். மற்றது நிரந்தரமாகப் பொருத்துவது. ரோட்மாஸ்டரின் இன்விசிபிரேக் அப்படிப்பட்டது, ஒருமுறை பொருத்தினால் கேபிளை மாட்டியதும் வேலை செய்யும். ஏர் பிரேக் உள்ள டீசல் மோட்டார்ஹோம்காரர்களுக்கு அந்தக் காற்றையே பயன்படுத்தும் ஏர் ஃபோர்ஸ் ஒன் இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்தாது. என்ஜின் நின்ற பிக்கப்பில் பிரேக் மிதி சில அழுத்தங்களிலேயே கல்லாக இறுகிவிடும் என்பதையும், புதிய பிக்கப்கள் பலவற்றில் பிரேக்குக்கு உதவுவது வெற்றிடத்துக்குப் பதிலாக மின்மோட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். மின்வகை பூஸ்டர் உள்ள வண்டியில் மிதி அழுந்தும்போதெல்லாம் பிக்கப்பின் கணினிகள் விழித்துக்கொண்டு பாட்டரியைக் குடிக்கலாம். எந்த பிரேக் கருவியானாலும், உங்கள் ஆண்டு மாதிரிக்கு அது ஒத்துவரும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டோ பார் முறிந்தால் பிக்கப் தானாக நிற்க, பிரேக்அவே சுவிட்ச் இருக்கும். அதன் மெல்லிய கயிறை மோட்டார்ஹோமில் மாட்டுங்கள். டோ பாரில் மாட்டினால், கழன்று போகும் டோ பாரோடு கயிறும் போய்விடும், சுவிட்ச் இழுபடாது. இதைத் தவறாக மாட்டியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விளக்குகளுக்கு, பிக்கப்பின் சொந்தப் பின்விளக்குகளையே டயோடு வைத்து எரியச் செய்யலாம், அல்லது விளக்குக் கூட்டுக்குள் தனி பல்பு போடலாம். பக்கவாட்டு வாகனத்தைக் காட்டும் உணரி பின்விளக்குக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் அந்தக் கூட்டைத் துளைக்கும் வேலை வேண்டாம், விலை கண்ணைக் கட்டும். பாட்டரிக்கு மோட்டார்ஹோமிலிருந்து ஒரு சார்ஜ் வயரும் இழுத்து, இரு முனையிலும் ஃபியூஸ் போட்டுவிடுங்கள். எல்லாம் சேர்த்து, பொருத்தும் கூலியோடு, 3,000 முதல் 5,000 டாலர் வரை ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் வரிசை முக்கியம். பிக்கப்பை நேராக மோட்டார்ஹோமுக்குப் பின்னால் நிறுத்தி, டோ பார், கேபிள்கள், மின்கேபிள் எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகே டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்குக் கொண்டுபோங்கள். காரணம், அந்த நிலையில் பார்க் என்பது வெறும் எழுத்து. கியரைப் பார்க்கில் போட்டிருந்தாலும் சக்கரத்தைப் பிடிக்க எதுவும் இல்லை; சரிவு இருந்தால் வண்டி நகர்ந்துவிடும். ராம் வண்டியில் நியூட்ரல் பொத்தான் பேனா முனையால் அழுத்தும் அளவுக்குச் சிறியது, தவறிப்போய் யாரும் அழுத்திவிடக்கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். மாறியதாக விளக்கு காட்டினாலும் நம்பிவிடாமல், என்ஜின் ஓடும்போதே ரிவர்ஸில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். வண்டி துளிகூட அசையக்கூடாது. பிறகு டிரைவிலும் அதே சோதனை. மேனுவலில் உள்ள படிகள் வேறு மாதிரி இருந்தால் அதன்படி செய்யுங்கள், ஆனால் வண்டி அசையவில்லை என்பதைக் கண்ணால் பார்க்காமல் என்ஜினை நிறுத்தாதீர்கள். மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள புதிய வண்டிகள் சிலவற்றில் அது தானாகவே பிடித்துக்கொள்ளலாம், அந்தத் தானியங்கி வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

புறப்பட்டதும் ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து மெதுவாக முன்னே நகருங்கள். டோ பாரின் இரு கைகளும் நீண்டு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். நிற்பவர் பார்க்க வேண்டியது சக்கரங்களை: நான்கும் உருள்கின்றனவா, ஏதாவது ஒன்று இழுபட்டுத் தரையில் கறுப்புக் கோடு போடுகிறதா. ஐந்து பத்து மைல் கழித்து ஓரம் கட்டி, நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிக்கப்பின் டயர்களுக்கும் காற்றழுத்த உணரிகள் போட்டு, அளவை உங்கள் முன்னால் தெரியும்படி வையுங்கள். பின்னால் ஒரு டயர் காற்றிறங்கினால் அவ்வளவு பெரிய வண்டியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு எதுவும் தெரியாது. தீப்பிடித்த பிறகு பின்னால் வருபவர் ஹாரன் அடித்துத்தான் தெரியும்.

பின்னோக்கி எடுக்கக் கூடாது. பிக்கப்பின் முன்சக்கரங்கள் பின்னால் போகும்போது நினைத்த பக்கம் திரும்பிக்கொள்ளும், டோ பார் வளையும் அல்லது பேஸ் பிளேட் பிய்ந்துவரும். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன்பே வெளியே போகும் வழியைப் பார்த்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் தயங்காமல் பிக்கப்பைக் கழற்றுங்கள். பிக்கப்பின் பின்னால் படகு டிரெய்லரையும் சேர்த்து இழுக்கலாமா என்று அடுத்து யோசிக்கத் தோன்றும். டோ பார் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை.

கழற்றும்போது வரிசை தலைகீழாகும். முதலில் பிக்கப்பில் ஏறி என்ஜினைப் போட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸை இரு சக்கர இயக்கத்துக்குக் கொண்டுவந்து, பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிடுங்கள். டோ பாரின் ஊசிகளை உருவுவது அதற்குப் பிறகுதான்.